ஈரம் காயாத கையெழுத்து

காலையில் ஆல்பத்தைத் திறந்தபோது தலைவரின் கையெழுத்து ஈரமாக இருந்தது.

ஐம்பது வருடத்துக்கு முன் காய்ந்த மை. வலது கட்டைவிரல் தெரியாத்தனமாகப் பட்டதும் நீலமாக ஒட்டிக்கொண்டது. மழைக்காலம், அறையில் ஈரம் ஏறியிருக்கும் என்று, கையெழுத்துச் சோதிப்பதே தொழிலான அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். பழைய மை கசியலாம், சற்றுமுன் போட்டதுபோல மினுங்காது. குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை.

தலைவர்களின் கையெழுத்துகளைச் சேர்ப்பவர்களும் விற்பவர்களும் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. ஏலத்துக்கு வரும் எந்தக் கடிதமும் முதலில் அவருடைய மாடியறைக்கு வந்துதான் போகும். கீழே விளக்கு எரியும் கண்ணாடிப் பலகைதான் அவருக்கு மேசை. அதன்மேல் இரண்டு கையெழுத்துகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பார். உயிருள்ள கை ஒரே கையெழுத்தை இரண்டு தடவை அச்சாகப் போடாது, கொஞ்சம் இழுக்கும், கொஞ்சம் சறுக்கும். மயிரிழை பிசகாமல் பொருந்தினால் இரண்டில் ஒன்று போலி. அவர் சொன்னால் சொன்னதுதான். செத்தவர்கள் கையெழுத்தைப் பார்க்கிற கண்ணால் உயிரோடிருப்பவர்கள் முகத்தையும் கொஞ்சம் பார்த்தால் தேவலை என்று அவர் மனைவி மட்டும் கீழேயிருந்து சொல்லிக்கொண்டிருப்பாள்.

அந்த ஆல்பத்தை மனைவிக்குக்கூடக் காட்டியதில்லை. காட்ட முடியாது. பதினொரு வருடத்துக்கு முன் தலைவரின் பழைய கார் டிரைவர் ஒரு கடிதத்தைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்த பெரிய கை, வலது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து கறுத்திருந்தது. ஒரு கலவர நாளில், கல் மழைக்கும் நிஜ மழைக்கும் நடுவே தலைவரைப் பத்திரமாக வீடு சேர்த்தவர் அவர். வாசலில் இறங்கியதும் தலைவர் கார் பானெட்டின் மேலேயே காகிதத்தை வைத்து எழுதினாராம், ‘தம்பி, இன்று உன்னால் உயிரோடு இருக்கிறேன்.’ கையெழுத்தின் கடைசி இழுப்பில் ஒரு மழைத்துளி விழுந்து மை பரவியிருந்தது. ஓய்வுபெற்ற டிரைவர்கள் சங்கம் அவரைக் கௌரவிக்க நினைத்தது, அதற்கு முன் கடிதம் அசல்தான் என்று ஒரு சான்றிதழ் கேட்டது.

தலைவர் தன் கைப்பட எழுதிய கடிதம் வேறு எவரிடமும் இல்லை. எல்லாமே டைப் அடித்தவை, பாதிக்குமேல் செயலாளர் கையெழுத்துப் போட்டவை. இது அசல் என்று பூதக்கண்ணாடிக்குப் பார்த்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்த அதே நொடியில் ஆசையும் வந்துவிட்டது. ‘செயலாளர் கை, போலி’ என்று சான்றிதழில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“என் கண்ணு முன்னாடி எழுதினார் சார். நான்தான் குடை பிடிச்சேன்” என்றார் டிரைவர்.

“இது தலைவர் கை இல்லைங்க.” ஒரு சின்ன இருமல் வந்தது. “ஞாபகம் அப்படித்தான், ஏமாத்தும்.”

டிரைவர் சான்றிதழை மடித்துப் பையில் வைத்தார். கடிதத்தைக் குப்பையில் போட்டுவிடச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் என்னவென்று அன்றுதான் பூதக்கண்ணாடிக்குப் புரிந்தது. மறைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கடிதத்தை விற்கவும் முடியவில்லை, யாரிடமும் காட்டிப் பெருமைப்படவும் முடியவில்லை. வாரம் ஒருமுறை கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பார்ப்பார், பார்த்து முடித்ததும் வெட்கமாக இருக்கும்.

மாலை நாலு மணிக்கே மழை இருட்டியது. படியேறி வந்த பெண் முன்னறை நாற்காலியில் உட்காராமல், தான் டிரைவரின் மகள் என்றாள். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல இருந்தது அவருக்கு.

சங்கத்தில் அப்பாவைத் ‘தலைவர் தம்பி’ என்று கேலி பேசினார்களாம். அதோடு அவர் வெளியே போவதை விட்டார், பிறகு பேச்சையும் விட்டார். இப்போது படுத்த படுக்கை. டாக்டர் இன்றோ நாளையோ என்கிறார்.

“மூணு நாளா நினைவில்லை சார். வலது கை மட்டும் போர்வை மேல எதையோ எழுதிக்கிட்டே இருக்கு. கடைசியா எதாவது சொல்ல நினைக்கிறாரோன்னு பேனாவைக் குடுத்துப் பார்த்தோம்.” அவள் ஒரு தாளை நீட்டினாள். “உங்க கையெழுத்து சார். திரும்பத் திரும்ப இதையேதான் போடறார்.”

கூடவே பழைய சான்றிதழையும் கொடுத்தாள். கடிதம் போனால் போகட்டும், அப்பா பொய் சொல்லவில்லை என்று ஒரு வரி எழுதித் தந்தால் அவர் காதில் படித்துக் காட்டுவாளாம். அவ்வளவுதான் கேட்டாள். பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அறையில் பெட்ரோல் வாசனை அடித்தது. அதோடு நனைந்த குடைத்துணியின் வாசனையும். ஓட்டின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது, அதற்கும் உள்ளே, மிக அருகில், நிப்பு காகிதத்தைக் கீறும் சத்தம் கேட்டது. இழுப்பு, நிறுத்தம், கடைசியில் நீளமாக ஒரு சுழிப்பு. முப்பது வருடம் கேட்டுப் பழகிய ஓசை. அது அவருடைய கையெழுத்தின் ஓசை.

கண்ணாடிப் பலகையின் விளக்கைப் போட்டார். சான்றிதழின்மேல் அந்தத் தாளை வைத்தார். நினைவில்லாதவர் படுக்கையில் போட்ட கோடு, எப்படியும் கோணலாக இருக்கும். நகர்த்தினார். இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

பொருந்தியது. மயிரிழை பிசகவில்லை.

சே, என்ன மனிதன் நான் என்று நினைத்தார். எத்தனையோ வருடமாக வராத எண்ணம் ஒன்று இப்போது பயத்தோடு சேர்ந்து வந்தது. கடிதத்தையே கொடுத்துவிடலாம், காலில் விழுந்தாவது கொடுத்துவிடலாம். அலமாரியிலிருந்து ஆல்பத்தை எடுத்துத் திறந்தார்.

காகிதம் வெறுமையாக இருந்தது. வரியும் இல்லை, கையெழுத்தும் இல்லை. அந்த மழைத்துளிக் கறை மட்டும் இருந்தது.

இனி அவருடைய சொல் ஒன்றுதான் சாட்சி. அவசரமாக ஒரு புதுத் தாளை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தார். அசல் என்று எழுத வேண்டும். மூன்றே எழுத்து. பேனாவை ஊன்றினார்.

‘போலி’ என்று எழுதியது கை.

தாளைக் கசக்கினார். இன்னொன்று. போலி. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தார். பிடி நழுவியது. கட்டைவிரலின் நீலம் மணிக்கட்டுவரை ஏறியிருந்தது.

“சார், எழுதிட்டீங்களா?”

ஆமாம்மா, அது அசல்தான், நான்தான் பொய் சொன்னேன். சொல்லிவிட வாயைத் திறந்தார்.

“இது தலைவர் கை இல்லைங்க.” சின்ன இருமல். அதே இருமல். “ஞாபகம் அப்படித்தான், ஏமாத்தும்.”

 கதவுக்கு அந்தப் பக்கம் செருப்பைப் போட்டுக்கொள்ளும் ஓசை. படிகளில் மெதுவாக இறங்கும் ஓசை. அவர் எழுந்து ஓடப் பார்த்தார். கால் வந்தது. கை வரவில்லை. அது கண்ணாடியோடு ஒட்டியிருந்தது.

குனிந்து பார்த்தார்.

கண்ணாடிக்குக் கீழே, விளக்குக்கும் தாளுக்கும் நடுவே, ஒரு கையின் நிழல். பெரிய கை. பேனா பிடித்த கை. கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருந்தது. அது நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகப் போட, மேலே அவருடைய கை அந்தக் கோட்டின்மேலேயே நகர்ந்தது. இழுப்பு. நிறுத்தம். சுழிப்பு.

தாள் நிறைந்தது. கீழே இருந்த கை பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தது. அவருடைய இடது கை, அவர் கேட்காமலே, அடுத்த தாளை எடுத்து வைத்தது.