கறை இல்லாத பேனல்கள்

மானிய அலுவலகத்துக்கு எல்லோரும் காகிதக் கட்டோடு வருவார்கள். அந்தப் பெண் செத்துப்போன செடிகளோடு வந்தாள். பச்சைக் கரைப் புடவையிலிருந்து கிழித்த துண்டால் கட்டிய குடைமிளகாய்ச் செடிகளைப் பரிசோதகரின் மேசைமேல் வைத்துவிட்டு, உட்காரச் சொன்ன பிறகும் நின்றுகொண்டே இருந்தாள்.

பரிசோதகருக்கு அன்றைக்கு முழங்கால் வலி. அலுப்பு வேறு. அலுப்பு அவருக்குப் பல வருஷமாகவே உண்டு. "சொல்லுங்கம்மா" என்றார்.

வயலுக்கு மேலே ஆள் உயரத்துக்கு சோலார் பேனல், கீழே வெள்ளாமை. பாதிக்குப் பாதி அரசு மானியம். ஆனால் கீழே பாதி நிலத்திலாவது பயிர் நிற்கவேண்டும். பெரிய அதிகாரிகள் பார்வையிட வருகிற நாளில் அது இல்லையென்றால் பேனல்களைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு மின்சாரத்தை மட்டும் விற்றுத் தின்ற சில புண்ணியவான்களால் வந்த விதி இது. வெளியாள் யாராவது பயிரை அழித்திருந்தால், போலீஸில் புகார் கொடுத்தால், அடுத்த பருவம்வரை தவணை உண்டு. வீட்டார் கையால் கெட்டிருந்தால் தவணை கிடையாது.

பக்கத்து வயல்காரர் களைக்கொல்லி அடித்துவிட்டார் என்றாள் அவள். வரப்புத் தகராறாம். புருஷன் போன பிறகு கிணற்று மோட்டார் ஓடுவதே அந்த பேனல்களால்தான். அவை போனால் தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லாவிட்டால் நிலமும் இல்லை. வீட்டில் வேறு யார் என்று கேட்டதற்கு, கொழுந்தன் ஒருத்தன். வெளியூர் போயிருந்தான், இன்று காலையில்தான் திரும்பினான் என்றாள்.

"நாளைக்குப் புகார் குடுக்கப் போறேன் சார். களைக்கொல்லிதான்னு நீங்க எழுதிக் குடுத்தா போதும்."

ஜீப் ஓட்டுநருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் 'அவசரம்'. வயலுக்குப் போய்ச் சேருவதற்குள் அவன் பக்கத்து வயல்காரரை ஜெயிலில் தள்ளி, ஜாமீனும் மறுத்துவிட்டான். பரிசோதகர் ஜன்னல் பக்கம் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இந்த வேலையில் தூங்கக் கிடைக்கிற இடம் ஜீப் ஒன்றுதான்.

வயலில் செடிகள் கண்டபடி சாகவில்லை. கோடு கிழித்தாற்போல் பட்டை பட்டையாகக் கருகியிருந்தன. நடுநடுவே கொஞ்சம் பச்சை. வரப்பில் புல் கொழுகொழுவென்று நின்றது. பரிசோதகர் முனகிக்கொண்டே குனிந்து, தூண்களில் இருந்த நட்டுகளைத் தடவிப் பார்த்தார். பேனல் சரிந்து தாழ்கிற பக்கத்தில் எல்லாம் புதுத் துரு. உயர்ந்த பக்கத்தில் துளி துரு இல்லை. பிறகு கால் கழுவத் தொட்டிக்குப் போனார். குழாய், வாளி, தொட்டிச் சுவர், எல்லாவற்றிலும் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. நிமிர்ந்து பேனல்களைப் பார்த்தார். முகம் பார்த்துத் தலை சீவலாம்போல் பளபளத்தன.

கொழுந்தன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். விரல்களில் கட்டு, பச்சைக் கரைத் துணி அழுக்கேறிப் பழசாகியிருந்தது. பரிசோதகர் தண்ணீரைக் குடித்துவிட்டு, பக்கத்து வயல்காரரையும் கூட்டிவரச் சொன்னார்.

அவள், கொழுந்தன், பக்கத்து வயல்காரர் எல்லோரும் பேனல் நிழலில் நின்றார்கள். பக்கத்து வயல்காரர் கையைக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அவசரம் அவர் ஓடிவிடாமல் இருக்கப் பின்னாலேயே நின்றான்.

"களைக்கொல்லி அந்தப் பக்கத்துலேர்ந்து வந்திருந்தா, முதல்ல சாக வேண்டியது வரப்புப் புல்லு" என்றார் பரிசோதகர். "அது உங்களையும் என்னையும் விட நல்லா இருக்கு. செடி செத்திருக்கறது பேனலோட தாழ்ந்த விளிம்புக்கு நேர் கீழே மட்டும். மேலே ஊத்துனது வழிஞ்சு விழற இடம் அது. நட்டு துருப்பிடிச்சதும் அங்கதான்."

"மழைத் தண்ணியா சார்?" என்றான் அவசரம், விட மனசில்லாமல்.

"மழை செடியைக் கருக்குமாப்பா? இந்த வீட்டுத் தண்ணி பட்ட இடமெல்லாம் வெள்ளையா உப்புக் கறை. இதே தண்ணியில கழுவற பேனல்ல மட்டும் கறையே இல்ல. அதை எடுக்கணும்னா கழிப்பறைக்கு ஊத்தற ஆசிட்தான் வேணும். அதைத் தொட்ட கை வெந்துபோகும்."

எல்லோரும் கொழுந்தனின் விரல்களைப் பார்த்தார்கள். அவன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். பிறகு அதில் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்ததுபோல் முன்னால் கொண்டுவந்தான்.

"பெரிய அதிகாரிங்க பார்வையிட வர்றாங்கன்னாங்க. பேனல் சுத்தமா இருந்தா சந்தோஷப்படுவாங்கன்னு நெனச்சேன். பேனலை மட்டும்தான் பார்த்தேன் சார், கீழே பார்க்கல." சொல்லிக்கொண்டே அழுதான். தடிமாடுபோல் வளர்ந்த ஆள் அப்படி அழுவதைப் பார்க்கப் பரிசோதகருக்குச் சங்கடமாக இருந்தது.

அவருக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. விட்டால் நாளைக்குப் புகார் போகும். ஒன்றும் அறியாத மனுஷன் கோர்ட்டுக்கு நடப்பான்.

"காலையில வந்தவன் கையில இத்தனை நாள் பழசான கட்டு எப்படிம்மா வந்தது? அதுவும் நீங்க செடி கட்டிக் கொண்டுவந்த அதே பச்சைக் கரைத் துணி. கட்டுப் போட்டது நீங்க. உங்களுக்கு அன்னைக்கே தெரியும்."

அவள் மறுக்கவில்லை. "தெரியும். வீட்டு ஆள் செஞ்சதுன்னா தவணை கிடையாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டிருக்கீங்க. அவன் பேரைச் சொல்லி நிலத்தை விடச் சொல்றீங்களா?"

அந்தச் சட்டத்தைப் பரிசோதகர் போடவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் சம்பளத்தைத்தான் வாங்கித் தின்கிறார். தெரியாமல் நடந்த தவறு, இன்னொரு பருவம் கொடுக்கலாம் என்று மேலே எழுதுவதாகச் சொன்னார். மேலே இருப்பவர்கள் அதை எவ்வளவு தூரம் படிப்பார்கள் என்பதைச் சொல்லவில்லை. அதிகாரிகள் பார்வையிட வரும் நாள்வரை எதையும் கழற்ற மாட்டார்கள் என்று மட்டும் சேர்த்துக்கொண்டார்.

அதுவரை வாயே திறக்காத பக்கத்து வயல்காரர் அவள் பக்கம் திரும்பினார்.

"என் பாத்தியில நாத்து மிச்சம் கெடக்கு. கருகாத இடத்துல நெருக்கி நட்டிருந்தா, பாதி நிலம் நிறைஞ்சிருக்கும். வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே பிடுங்கிக் குடுத்திருப்பேன். வரப்புச் சண்டை வரப்போட. நீ என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தியே."

"அண்ணே" என்றாள் அவள். அவர் நிற்கவில்லை. வரப்பேறித் தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் செருப்பை வரப்பிலேயே கழற்றி விட்டுவிட்டு அந்தப் பக்கம் இறங்கினாள்.

அவசரம் ஜீப்பைக் கிளப்பப் போனான். "என்னப்பா அவசரம், கொஞ்சம் இரு" என்றார் பரிசோதகர். வலிக்கிற காலை நீட்டி வரப்பில் உட்கார்ந்தார். அவள் கதவைத் தட்டுவது அங்கிருந்தே கேட்டது. வெகு நேரம் தட்டினாள். கடைசியில் கதவு திறந்தது. வெளியே வந்த மனிதர் அவளைப் பார்க்கக்கூட இல்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. நேரே நாற்றங்காலுக்குப் போய்க் குனிந்தார்.