சார்ஜருக்காக மேலே போனவன்

"சுபோத், உன் தோளுக்குப் பின்னால யாருடா?"

காத்மாண்டுவிலிருந்து கிரண் திரைவழியே கேட்டதும் சுபோத் தூலாதர் திரும்பிப் பார்த்தான். மலைவிடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் அவனைத் தவிர ஓர் ஈ கூட இல்லை. இந்த உயரத்துக்கு ஓர் ஈ மூச்சு வாங்கி ஏறி வருவதற்குள் அதற்குப் பேரன் பேத்தியே பிறந்துவிடும்.

மடிக்கணினியில் அவன் முதுகுக்குப் பின்னால் பொய்யான புத்தக அலமாரி ஒன்று தெரிந்தது. பத்து நாளாக அவன் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறான் என்று அலுவலகம் நம்பிக்கொண்டிருந்தது. ஆளை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மறைத்துவிடும் அந்தப் படத்தில், அலமாரியைப் பிளந்துகொண்டு ஒரு தோள் நின்றது. நீல ஜாக்கெட். ஈரம்.

"சித்தப்பா பையன்," என்றான் சுபோத்.

"ஃபேனையாவது நிறுத்தச் சொல்லு. காது கிழியுது."

அது காற்று. கூரைத் தகடுகளை ஆணியோடு பிடுங்கித் திபெத்துக்கே அனுப்பிவிடும் போல ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

"அரட்டை போதும். கிளையன்ட் வந்தாச்சு, ஸ்லைடைப் போடுங்க," என்றார் பினிதா மேடம்.

அவனுடைய வழிகாட்டி நூருவிடம் அப்படியொரு நீல ஜாக்கெட் இருந்தது. காலையில் மேல்விடுதியிலிருந்து இருவரும் இறங்கி வந்த பிறகுதான், சார்ஜரை அங்கே சுவரிலேயே விட்டுவிட்டது சுபோத்துக்குத் தெரிந்தது.

"மேகம் இறங்குது அண்ணே. நாளைக்குப் போறேனே," என்றான் நூரு.

"மூணு மணிக்கு மீட்டிங்டா. உங்க ஆளுங்களுக்கு மலைன்னா மாடிப்படி தானே?"

நூரு சிரித்துவிட்டுப் போனான். அரை மணி நேரத்தில் மலையே காணாமல் போயிற்று. விடுதிக்கார லாமு அக்கா கேட்டபோது, "கீழ ஊருக்குப் போயிருக்கான்," என்று சொல்லிவைத்தான். உண்மையைச் சொன்னால் யாக்கின் தோலையே உரித்துவிடும் நாக்கு அவளுக்கு. ஆனால் சொல்லியிருந்தால் அப்போதே நாலு பேர் கயிற்றோடு கிளம்பியிருப்பார்கள். ஐந்துக்கு இருட்டிவிடும்.

முதல் ஸ்லைடு முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தான். முடிந்தது. இரண்டாவதும் முடியட்டும் என்றான். சாணிப்புகையும் ஈரக் கம்பளியும் கலந்த நெடி எங்கிருந்தோ வந்து கழுத்தைச் சுற்றிக்கொள்ள, சன்னல் கண்ணாடியில் பனித்துகள்கள் நகத்தால் சுரண்டுவது போல உரச, அவன் வங்கிக் கணக்கில்லாத வாடிக்கையாளர்களைப் பற்றிக் கணீரென்று பேசிக்கொண்டே போனான். மூன்றாவது. நான்காவது. மணி நாலு.

"சுபோத், ஒரு நிமிஷம்." பினிதா மேடத்தின் குரல் மாறியிருந்தது. "உங்க சித்தப்பா பையனுக்கு உடம்பு சரியில்லையா? உதடெல்லாம் நீலமா இருக்கு."

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. மடிக்கணினியை அறைந்து மூடினான். எழுந்தான். நாற்காலி விழுந்தது. சமையலறைக்கு ஓடினான்.

"அக்கா! நூரு கீழ போகல. நான்தான் மேல அனுப்பினேன். பொய் சொல்லிட்டேன். ஆளுங்களைக் கூப்பிடுங்க, உடனே!"

லாமு அக்கா கரண்டியோடு நிமிர்ந்தாள்.

"என்னடா உளர்றே? அவன் வந்து ஒரு மணி நேரமாச்சே. அதோ, அடுப்போரமா. நாலு தடவை டீ ஊத்திட்டேன், தொடமாட்டேங்கிறான். அண்ணன் மீட்டிங் முடியட்டும்னு ஒரே பிடிவாதம்."

அடுப்பு செக்கச்செவேலென்று எரிந்தது. அதன் முன்னால் நீல ஜாக்கெட் முதுகு. தலையில் பனி. தோளில் பனி. ஒரு சொட்டுக்கூட உருகவில்லை.

"முடிஞ்சுதா அண்ணே?"

சுபோத் மேலே பார்த்தான். புகை படிந்த கருங்கூரை. ஓட்டையில்லை. விரிசலில்லை.

அதன் அடியில், நூருவின்மேல் மட்டும், சத்தமில்லாமல், பனி பெய்துகொண்டிருந்தது.