பிரேக்கை எட்டாத விரல்கள்

மோகனப்பிரியாவின் புது சைக்கிள் நன்றாக ஓடியது. நிற்கத்தான் மாட்டேன் என்றது. காலையிலிருந்து ஒரு வேலியையும் ஒரு வைக்கோல் போரையும் முட்டியாகிவிட்டது.

அம்மா கோமளா தெருவில் கரியால் ஒரு கோடு கிழித்தார். "இதைத் தாண்டாம நிறுத்திக் காட்டு கண்ணு. நாளைக்குள்ள முடியலீன்னா பள்ளிக்கூடத்துக்கு வேன்தான்."

வேனா? சைக்கிள் என்றால் நினைத்த இடத்தில் நின்று மேகம் பார்க்கலாம். நிற்க முடிந்தால்!

பிரேக்கோ புதுசு. பிறகு ஏன் பிடிக்கவில்லை?

அவள் மற்ற சைக்கிள்களைப் பார்க்கக் கிளம்பினாள். எதிர் வீட்டு அக்ஷிதா அக்காவின் கியர் சைக்கிளில் ஹேண்டில்பார் குச்சிபோல நேராக இருந்தது. பக்கத்து வீட்டு சுப்பண்ணன் மாமாவின் சைக்கிளில் காளைக் கொம்புபோலப் பின்னால் வளைந்திருந்தது.

"ஏனுங்க மாமா, பிடிச்சுப் பாக்கட்டுங்களா?"

"பாரு அம்மணி. ஓட்டிட்டு மட்டும் போயிராதே. எங்க ஊட்டு வேலிய இப்பத்தான் நிமித்தி வெச்சிருக்கறேன்!"

நேரோ வளைவோ, இரண்டிலும் அவள் விரல்கள் பிரேக்கைச் சுற்றி வளைந்தன. தன்னுடையதில் நுனி விரல்தான் தொடும்!

ஒரு நூலை எடுத்துக் கைப்பிடிகளைச் சுற்றி அளந்தாள். அவளுடையது இரண்டு மடங்கு தடிமன்.

காரணம் புரிந்தது. மகளின் உள்ளங்கை நோகக் கூடாது என்று, தறியில் மிஞ்சிய கழிவு நூலைக் கைப்பிடிகளில் மெத்தை மாதிரி சுற்றியிருந்தார் அம்மா. தறி வேலை முடித்து வந்த களைப்போடு சுற்றியது. சொன்னால் வருத்தப்படுவாரோ?

யோசித்தாள். பிறகு, "அம்மா, நீங்க பிரேக் பிடிச்சுப் பாருங்க" என்றாள்.

"நல்லாத்தானே பிடிக்குது!"

"இப்ப என் கையோட உங்க கைய வெச்சுப் பாருங்க."

உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்ந்தது. அம்மாவின் விரல்கள் அவளுடையதைவிட ஒரு கணு நீளம்.

"அட! என் கை அளவுக்குச் சுத்திப்போட்டேனா!" அம்மா சிரித்துவிட்டார். "அவுத்துப் போடலாம் வா."

"ஒரே ஒரு சுத்து மட்டும் இருக்கட்டுங்கம்மா. மெத்துன்னு நல்லா இருக்குது."

மற்ற சுற்றுகளை அவிழ்த்த பிறகு, அம்மா கோட்டருகே போய்க் கண்களை இறுக மூடிக்கொண்டார். சைக்கிள் பாய்ந்து வந்தது.

கிரீச்!

அம்மா ஒரு கண்ணைத் திறந்தார். கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் சக்கரம் நின்றிருந்தது. அவர் உடனே வேன்காரருக்குப் போன் போட்டார்.

"ஏனுங்க மயில்சாமி, வேன் வேண்டாமுங்க. எங்க புள்ளைக்கு நிக்கத் தெரிஞ்சு போச்சுங்க!"