லிங்கசாமி கொண்டுவந்த கேசட்

வீடியோ டெக்குக்குள் கேசட்டே இல்லை. ஆனாலும் கம்ப்யூட்டர் திரையில் ஒலியைக் காட்டும் பச்சைக் கோடு இரண்டு முறை துள்ளி அடங்கியது. எர்த் கோளாறாக இருக்கும் என்று நினைத்து, ருக்ஸார் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களைப் பிடுங்கித் துடைத்து மறுபடி செருகினாள். அரவேணு கடைவீதியில் மாடியறை பிடித்து எடிட்டிங் ஸ்டுடியோ போட்டு மூன்று நாள்தான் ஆகிறது. பழைய வீடியோ கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் கன்வெர்ட்டர் பெட்டி அன்று காலையில்தான் கோவையிலிருந்து வந்திருந்தது.

முதல் வேலை கொண்டுவந்தவர் லிங்கசாமி. சிலோனிலிருந்து திரும்பி, இங்கே எஸ்டேட்டில் உழைத்து ஓய்ந்தவர். முப்பது வருஷத்துக்கு முன்னால், அவருடைய மகள் சரிதாவுக்குச் சடங்கு சுற்றிய அன்று மழை விடவில்லை. வீடியோ எடுத்தவர் காமிராவை எஸ்டேட் லயத்தில் அவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். அன்றிரவு லிங்கசாமி ஃபாக்டரியில் இருந்தபோது மண் சரிந்து லயத்தை மூடிவிட்டது. நாலு நாள் தோண்டினார்கள். காமிரா கிடைத்தது, உள்ளே இந்தக் கேசட்டோடு. மனைவி பிணமாகக் கிடைத்தாள். மகள் கிடைக்கவில்லை. இனி யாரும் உயிரோடு இருக்க மாட்டார்கள், நிறுத்திவிடலாம் என்று அதிகாரிகள் காகிதம் நீட்டினார்களாம். சம்மதம் என்று கைநாட்டு வைத்தது தான்தான் என்று குனிந்துகொண்டே சொன்னார்.

"அவ முகம் ஒண்ணு கிடைச்சாப் போதும் புள்ள. எங்கிட்ட போட்டோகூட இல்ல. மொதல்ல நீ பாரு. எனக்குத் தெம்பில்ல."

கதவுக்கு வெளியே ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மதியம் இரண்டு மணிக்கே மேகம் இறங்கி ஜன்னலை அடைத்திருந்தது. எதிர்க் கடையின் பல்பு கரைந்த மஞ்சளாகத் தெரிந்தது. ருக்ஸார் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேசட்டை உள்ளே தள்ளினாள். கோடுகள் ஓடி, நிறம் வழிந்து, பிறகு படம் நின்றது. பச்சைத் தாவணியும் கன்னத்தில் சந்தனமுமாக ஒரு பெண், யாரோ கேலி செய்ததற்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த முகத்தைத் தனியே எடுத்து வைத்ததும் ருக்ஸாருக்கு மனசு லேசானது.

நாற்பதாவது நிமிஷத்தில் படம் போய்விட்டது. கறுப்பு. சத்தம் மட்டும் நிற்கவில்லை. தகரத்தின் மேல் மழை. பிறகு, லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோல நீண்ட ஓர் இரைச்சல். அதன் பிறகு எதுவுமில்லை.

பிறகு மூச்சு.

தட்டும் சத்தம். இரண்டு தட்டு. ஓர் இடைவெளி. மறுபடி இரண்டு.

காமிரா பாட்டரி ஒரு மணி நேரம் தாங்கினாலே அதிகம் என்பது அவளுக்குத் தெரியும். நிறுத்தலாம் என்று டெக் பக்கம் திரும்பினாள். கேசட் வெளியே வந்து நீட்டிக்கொண்டிருந்தது. எப்போது வந்ததென்று தெரியவில்லை. எடுத்து மேஜைமேல் வைத்தாள். திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்கியது.

"அப்பா, மேல மம்பட்டிச் சத்தம் நின்னு போச்சு. ஏம்ப்பா நிறுத்திட்டாங்க?"

நாலு நாள். அந்தப் பெண் நாலு நாளும் உயிரோடு இருந்திருக்கிறாள்.

ருக்ஸார் ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள். குரல் நிற்கவில்லை. ஒயர்களைப் பிடுங்கினாள். பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. டெக்கின் வாய்க்குள்ளிருந்து வந்தது குரல். அப்பா. அப்பா.

லிங்கசாமி வாசலில் நின்றிருந்தார். அவள் பக்கம் பார்க்கவே இல்லை. நேராக வந்து டெக்கின் முன்னால் மண்டியிட்டார்.

"இங்கதான் இருக்கேன் தாயி" என்று அதன் வாயில் கை வைத்தார்.

"ஏனுங்க, வேண்டாங்க. கைய எடுத்துருங்க" என்றாள் ருக்ஸார்.

அவர் விரல்களை உள்ளே விட்டுக் கிளறினார். ஈரமான செம்மண் வந்தது. ஒரு பிடி. இன்னொரு பிடி. மேஜை நிறைந்து தரையில் கொட்டியது. மழை நாற்றம். நகம் பிய்ந்தது. அவர் நிறுத்தவில்லை. மணிக்கட்டு உள்ளே போனது. முழங்கை போனது. டெக்கின் ஆழம் ஒரு சாண்தான்.

சட்டென்று அசைவற்றுப் போனார்.

"பிடிச்சுட்டா" என்றார் மெல்ல.

ருக்ஸார் அவர் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தாள். அவர் நகரவில்லை. கன்னம் டெக்கின் தகரத்தில் அழுந்திப் பிதுங்க, கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். கை தோள்வரை உள்ளே போயிருந்தது. இன்னும் போய்க்கொண்டிருந்தது.