சோமு போட்ட முட்டை

உங்கள் வீட்டில் ஒரு முட்டை இருந்தால் என்ன செய்வீர்கள்? அவிப்பீர்கள், இல்லையென்றால் ஆம்லெட் போடுவீர்கள். நிரஞ்சனா வீட்டில் அது நடக்காது. அவர்கள் சமணக் குடும்பம். முட்டை கலந்த கேக்கைக்கூட அம்மா தயாவதி வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள்.

அந்த வீட்டுக்குள் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் முட்டை வந்தது. யாரும் கொண்டுவரவில்லை. சோமு போட்டது.

சோமு ஓர் ஆமை. நாலு வருஷமாக முன்னறைக் கண்ணாடித் தொட்டியில் தனியாக இருக்கிறது. ஆண் என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார். நாலு நாளாக அது எதையும் தின்னவில்லை. கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது.

"அக்கா, தண்ணியில வெள்ளையா ஏதோ கிடக்குது!" என்றான் தம்பி ரிஷப்.

நிரஞ்சனா எட்டிப் பார்த்தாள். "முட்டைடா!"

"சோமு அண்ணன் முட்டை போடுமா?"

"அண்ணன் இல்லடா. அக்கா."

தயாவதி கரண்டியோடு ஓடிவந்தாள். "முட்டையா? நம்ம வீட்லயா? தூக்கி வெளிய போ..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். உள்ளே உயிர் இருந்தால்?

"ஜோடி இல்லாம எப்படிடி?"

"என் கிளாஸ் தீபிகா வீட்டுக் கோழி தனியாத்தாம்மா இருக்குது. முட்டை போடுது. குஞ்சு மட்டும் வராது."

அம்மாவுக்கு அப்போதும் மனசு கேட்கவில்லை. முட்டையை ஒரு கொட்டாங்குச்சியில் எடுத்து வாசற்படியில் வைத்தாள். வீட்டுக்குள் வைத்ததாகவும் இல்லை, வெளியே எறிந்ததாகவும் இல்லை.

ஐந்தரை மணிக்கு அப்பா நேமிநாதன் தானியக் கடையிலிருந்து வந்தார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். தட்டின் முன்னால் உட்கார்ந்தவர் தொட்டியையே பார்த்தார்.

"ஏதோ நோவு போல இருக்குது. காலையில தாமல் ஏரியில விட்டுடலாம்மா. அங்கயாவது பொழைக்கட்டும்."

"அதுக்கு ஏரியே தெரியாதுப்பா. நாய் வந்தா ஓடத் தெரியாது."

"வேற என்ன பண்ணச் சொல்ற?"

நிரஞ்சனா தொட்டி முன்னால் போய் உட்கார்ந்தாள்.

சோமு பின்னங்கால்களால் கண்ணாடித் தரையைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு கால், அப்புறம் மறுகால். நிரஞ்சனா அதே போலக் கையை அசைத்துப் பார்த்தாள். நீந்துகிற மாதிரி இல்லை. குழி தோண்டுகிற மாதிரி இருந்தது.

"அப்பா! இதுக்கு மணல் வேணும்பா. வயித்துல இன்னும் முட்டை இருக்குது. போட இடமில்லாம அடக்கிக்கினு இருக்குது!"

எதிரே ராமலிங்கம் வீடு கட்டிக்கொண்டிருந்தார். வாசலில் மணல் குவிந்து கிடந்தது. நிரஞ்சனா அன்னக்கூடையோடு ஓடினாள்.

"அள்ளிக்கோமா. யாருக்கு வீடு கட்டப் போற?"

"ஆமைக்கு, மாமா."

"அது வீட்டை முதுகுலயே தூக்கிக்கினு திரியுதே!"

வாசலில் அம்மா மறித்தாள். "அப்படியே கொண்டு வராதே. எறும்பு இருந்தா?"

அப்பா சாப்பாட்டை விட்டு எழுந்து அரிசிச் சல்லடையைக் கொண்டுவந்தார். எல்லோரும் சேர்ந்து சலித்தார்கள். மூன்று எறும்புகளையும் ஒரு வண்டையும் ரிஷப் செம்பருத்திச் செடியில் கொண்டுபோய் விட்டான். மணலை அன்னக்கூடையில் நிரப்பித் தண்ணீர் தெளித்து, அதில் சோமுவை இறக்கி, மேலே போர்வை போட்டு மூடினார்கள்.

அதற்குள் இருட்டிவிட்டது. அப்பாவின் தட்டு அப்படியே இருந்தது.

"அதுவும் சாப்பிடல, நானும் சாப்பிடல. சரியாப் போச்சு," என்றார். "காலையில பார்ப்போம். இல்லனா தாமல்தான்." ஸ்கூட்டர் சாவியை ஆணியில் மாட்டாமல் மேசைமேல் வைத்தார்.

மறுநாள் காலையில் மணலுக்குள் ஆறு முட்டைகள் இருந்தன. தொட்டிக்குத் திரும்பிய சோமு ஒரு கொத்து முருங்கைக்கீரை தின்றது. அப்பா ஐந்து தோசை சாப்பிட்டார். பிறகு வாசற்படி முட்டையையும் மணலில் வைத்து, உயிர் இருந்தால் வெயிலில் வளரட்டும் என்று அன்னக்கூடையை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனார். சாவி ஆணியில் தொங்கியது.