ராஜாவாக விழுந்தவன்

மெல்கியோரின் சறுக்குவண்டி கிராகோவ் கோட்டைக் குன்றின் அடியில் வந்து நின்றபோது நேரம் மத்தியானம்தான். ஆனால் அந்த ஜனவரியில் மத்தியானத்துக்கும் சாயங்காலத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆற்றிலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டே இருந்தது. வாசலில் காவலுக்கு நின்ற சிப்பாய்கள் ரஷ்யாக்காரர்கள். எங்கள் ராஜாக்களின் கோட்டைக்குள் எங்கள் ஆள் ஒருவன் நுழைய, ரஷ்யாக்காரனுக்கு முன்னால் தொப்பியைக் கழற்ற வேண்டியிருந்தது. மெல்கியோர் பாதி கழற்றினான்.

"முழுசா கழட்டுங்க அத்தான்," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொர்துலா. அவள் அவன் தம்பியின் மனைவி. "இன்னைக்கு ரோஷம் பாக்குற நாளா? உள்ள இருக்கிறது உங்க தம்பி."

முழுதாகக் கழற்றினான்.

தம்பி போனிஃபாசி அந்தக் கோட்டையின் சிறையில் மூன்று மாதமாகக் கிடந்தான். செய்த குற்றம் ஒரே ஒரு வார்த்தை. எங்கள் நாட்டில் ராஜாவின் மகன் ராஜாவாக வேண்டும் என்றில்லை. பிரபுக்கள் எல்லோரும் மைதானத்தில் குதிரையோடு கூடி, கூவித் தேர்ந்தெடுக்கிறோம். ஒரே ஒருவன் எழுந்து "எனக்குச் சம்மதமில்லை" என்றால் போதும், அத்தனையும் நின்றுவிடும். அப்படி ஒரு பெருமை எங்களுக்கு. அந்தப் பெருமைக்குள் கையை விட்டுத்தான் அக்கம்பக்கத்து ராஜ்ஜியங்கள் எங்களை ஆட்டி வைத்தன என்பது வேறு விஷயம். இந்தத் தடவை மைதானத்தைச் சுற்றி ரஷ்யப் பீரங்கிகள் நின்றன. ரஷ்யத் தூதர் கைகாட்டிய ஆளுக்கு எல்லோரும் "வாழ்க" போட்டார்கள். மெல்கியோரும் போட்டான். பக்கத்துக் குதிரையில் இருந்த போனிஃபாசி மட்டும், அண்ணன் சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க, "சம்மதமில்லை!" என்று தொண்டை கிழியக் கத்தினான். பீரங்கிக்கு முன்னால் அது செல்லவில்லை; அவனைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள்.

புது ராஜாவுக்கு முடிசூட்டு முடிந்ததும் கைதிகளைச் சைபீரியாவுக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். அங்கே போய்த் திரும்பியவன் எவனும் இல்லை.

ஆனால் பழைய ராஜாவை அடக்கம் பண்ணாமல் புதியவருக்கு முடிசூட்டுவது எங்கள் வழக்கம் அல்ல. அங்கேதான் மெல்கியோருக்கு ஒரு வழி பிறந்தது. வழி சொன்னவர் பேராலயத்துப் பாதிரியார் ஒனுஃப்ரி.

"வாங்க, வாங்க. நல்ல ஆகிருதி," என்று ஒனுஃப்ரி அவனை மேலும் கீழும் பார்த்தார். எதையோ அளப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. "அவரும் இந்தப் பருமன்தான்."

ராஜாவின் அடக்கத்தில், செத்தவராகவே ஒருவன் வேஷம் கட்ட வேண்டும். அவர் உடுப்பைப் போட்டுக்கொண்டு, குதிரையில் ஏறி ஆலயத்துக்குள் வந்து, சவப்பெட்டிக்கு முன்னால் தடாலென்று விழ வேண்டும். அவன் விழுந்த பிறகுதான் ராஜா செத்ததாகக் கணக்கு.

"இதுக்கு ஆளே கெடைக்கலையா சாமி?" என்று கேட்டான் மெல்கியோர்.

"பெரிய குடும்பத்துல எல்லாரையும் கேட்டாச்சு. ஒருத்தனுக்கு முட்டி வலி, ஒருத்தனுக்கு மாமியா சாவு." ஒனுஃப்ரி சிரித்தார். சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை. "நீங்க ஒழுங்கா விழுந்தீங்கன்னா, சாயங்காலமே உங்க தம்பி வெளிய. தூதரே ஒத்துக்கிட்டார். ஆனா ஒண்ணு. உடுப்பு மேல ஏறினதுலேருந்து விழற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. செத்தவர் பேசமாட்டார். ஒரு வார்த்தை வந்துச்சோ, தம்பியை மறந்துடுங்க."

கொர்துலா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவரு வாயே திறக்க மாட்டாரு சாமி. எங்க வீட்டுல பேசுறதெல்லாம் என் புருஷன் ஒருத்தர்தான். அதான் இங்க வந்து நிக்கறோம்."

அவளை வெளியே நிறுத்திவிட்டு, மெல்கியோரை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார் பாதிரியார். ராஜாவின் உடுப்பு இருந்த பெட்டியைத் திறந்தார். கற்பூர வாசனை. மெழுகு. அதற்கடியில் மருந்தும் வேர்வையும் கலந்த ஒரு நாற்றம், நோயாளி படுத்த அறையின் நாற்றம்.

"அவரைப் பத்தி ஒண்ணு சொல்றேன்," என்றார், பித்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே, கிசுகிசுப்பாக. "அவரும் வெளிநாட்டுலேருந்து கொண்டுவந்து வச்சவர்தானே. முப்பது வருஷத்துல நம்ம பாஷையில ஒரே ஒரு வார்த்தைதான் ஒழுங்கா கத்துக்கிட்டார். 'சம்மதம்.' தூதர் எதை நீட்டினாலும் சம்மதம். ஆனா கடைசி நாள்... அடுத்த ராஜா யாருன்னு ஒரு காகிதத்தை நீட்டினாங்க. அன்னைக்குத்தான் தலையை ஆட்டினார், இல்லைன்னு. சொல்ல வாயைத் திறந்தார். பக்கத்துல இருந்த வைத்தியன் துணியை வாயில வச்சு அழுத்திட்டான். நான் பாத்துக்கிட்டு நின்னேன். பாவி நான், பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

மெல்கியோர் பதில் சொல்லப் போய், நினைவு வந்து, வாயை மூடிக்கொண்டான்.

உடுப்பு மேலே ஏறியிருந்தது.

சூடாக இருந்தது.

அந்த அறையில் கணப்பு கிடையாது. பெட்டி கல்தரையில் கிடந்த பெட்டி. ஆனால் அங்கியின் உள்புறம், ஒருவர் இப்போதுதான் கழற்றிக் கொடுத்ததுபோல, வெதுவெதுவென்று ஈரமாக இருந்தது.

குதிரை ஆலய வாசலில் முரண்டு பிடித்தது. லேசில் மிரளாத கிழட்டுக் குதிரை அது. அதன் காது இரண்டும் பின்னால் படுத்துக்கொண்டன. தன்மேல் ஏறியிருப்பவனைத் திரும்பித் திரும்பி முகர்ந்து பார்த்தது. இரண்டு பேர் கடிவாளத்தைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள்.

உள்ளே ஆயிரம் மெழுகுவர்த்தி. இருந்தும் இருட்டுதான் அதிகம். கறுப்புத் துணி போர்த்திய தூண்களுக்கு நடுவே பிரபுக்கள் நின்றார்கள். மைதானத்தில் வாழ்க போட்ட அதே முகங்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் ரஷ்யத் தூதர். குளம்புச் சத்தம் கல்லில் விழுந்து, கூரைக்குப் போய், திரும்பி வந்தது. ஒரு குதிரைதான் நடந்தது. கேட்ட சத்தம் அதைவிட அதிகம்.

மேடையில் ஈயத்தால் மூடிய சவப்பெட்டி.

மெல்கியோரின் நாக்கு அசைந்தது.

அவன் அசைக்கவில்லை.

வாய்க்குள்ளே யாரோ விரலால் தொட்டுப் பார்ப்பதுபோல, அவன் நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது, பல்லைத் தொட்டது. பிறகு காதுக்குப் பின்னால், அங்கியின் கழுத்துப்பட்டைக்கும் தோலுக்கும் நடுவிலிருந்து, தட்டுத் தடுமாறி ஒரு குரல் வந்தது.

"ஒரு... தடவை."

மெல்கியோர் கடிவாளத்தை இறுக்கினான்.

"நான்... இல்லை... சொல்ல. ஒரு தடவை. நீ... வாய்... கொடு."

பிச்சைக்காரனின் குரல். ராஜாவின் குரலைக் கேட்டுப் பயந்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். இது கெஞ்சியது. ஐயோ, நான் என்ன செய்வேன், என் தம்பி கீழே கிடக்கிறானே என்று மனசுக்குள் கதறினான்.

"ஒரு தடவை... ஐயா..."

தாடை தானாக இறங்கியது. நெஞ்சில் காற்று நிறைந்தது. தொண்டையில் அந்த வார்த்தை வந்து நின்றது. தம்பி கத்திய அதே வார்த்தை. தூதர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மெல்கியோர் நாக்கைக் கடித்தான்.

ரத்தம் வாயை நிறைக்கும் வரை கடித்தான். அப்படியே பக்கவாட்டில் சரிந்து, அங்கியோடு கல்தரையில் விழுந்தான். மண்டை மோதிய சத்தம் அவனுக்கே கேட்டது. மேலே மணிகள் எல்லாம் ஒரேயடியாக அடிக்கத் தொடங்கின. ராஜா செத்துவிட்டார்.

தரையில் கிடந்தவனிடமிருந்து சூடு வடிந்து போயிற்று. உடுப்பு சட்டென்று ஜில்லிட்டது. போகிற போக்கில் குரல் சொன்னது, கோபம் துளியும் இல்லாமல்:

"நீ... இல்லை. சரி. கீழே... ஒருவன்... சொல்லுவான்."

சொன்ன வாக்கை அவர்கள் காப்பாற்றினார்கள். இருட்டுவதற்கு முன்பே போனிஃபாசியை வாசலுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். தாடி வளர்ந்து, எலும்பும் தோலுமாக, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பனியில் நின்றான். கொர்துலா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள்.

"வாங்க, வண்டியில ஏறுங்க. கம்பளி கொண்டாந்திருக்கேன்."

"சம்மதமில்லை," என்றான் போனிஃபாசி.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். "இன்னும் மைதானத்துலயே நிக்கறாரு பாருங்க அத்தான்! ஏறுங்க, தேர்தல் முடிஞ்சு போச்சு."

"சம்மதமில்லை."

இரண்டு பேருமாகத் தூக்கித்தான் ஏற்றினார்கள். மெல்கியோருக்கு நாக்கு வீங்கியிருந்தது, பேச முடியவில்லை. தம்பியின் தலை தன் தோளில் சாய்ந்தபோது மூக்கில் ஏறியது கற்பூர வாசனை.

ஊருக்கு வெளியே சத்திரத்தில் தங்கினார்கள். கொர்துலா பீட்ரூட் சூப்பும் கறுப்பு ரொட்டியும் வாங்கி வந்தாள். சம்மதமில்லை. படுக்கை விரித்தாள். சம்மதமில்லை. அவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வலதுகை மோதிர விரலை இடதுகையால் திருகிக்கொண்டே இருந்தான். அந்த விரலில் மோதிரம் இல்லை. போனிஃபாசி ஜென்மத்திலும் மோதிரம் போட்டவன் அல்ல. ஒவ்வொரு தடவை அந்த வார்த்தையைச் சொல்லும்போதும் அவன் முகத்தில் ஒரு சந்தோஷம். புதுசாகப் பேசக் கற்ற குழந்தையின் சந்தோஷம்.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் கோட்டையில் முடிசூட்டு மணிகள் அடித்தபோது, மணி ஒவ்வொன்றுக்கும் ஒரு சம்மதமில்லை. தண்ணீரை உதட்டில் வைத்தால் துப்பினான். பல்லை நெம்பி ஊற்றினால் அப்படியே வெளியே வழிந்தது. கன்னம் ஒட்டிப்போயிற்று. உதடு வெடித்தது. அந்த வெடித்த உதட்டில் சிரிப்பு மட்டும் குறையவில்லை.

"அத்தான்." கொர்துலா மெல்கியோரைக் கதவுக்கு வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். "நான் பத்து வருஷம் அவரு கூடப் படுத்து எந்திரிச்சவ. உள்ள உக்காந்திருக்கிறது யாருன்னு எனக்குத் தெரியல. ஒடம்பு அவரோடது. அது செத்துக்கிட்டிருக்கு. என் புருஷன் எங்க? சொல்லுங்க. அங்க என்ன பண்ணிட்டு வந்தீங்க?"

அவன் சொன்னான், வீங்கிய நாக்கால், குழறிக் குழறி. அவள் முழுதும் கேட்டாள்.

"அப்போ அந்த ஆளு கேட்ட வார்த்தையை நீங்களே போய்ச் சொல்லுங்க," என்றாள். "யாரு கழுத்தை வெட்டினாலும் பரவால்ல. போய்ச் சொல்லுங்க."

அவன் குதிரையைக் கொல்லுகிற வேகத்தில் போனான்.

ஒனுஃப்ரி அவனைத் தன் காலில் விழவிடவில்லை. முகத்தைப் பார்த்ததுமே விளக்கை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். "கல்லறைக்குள்ள நான் இறங்கவே இல்லை," என்றார் படியில். "காவல்காரன் ஏதோ சத்தம் கேக்குதுங்கறான்."

கீழே ஈரக் கல்லும் பழைய மெழுகும் நாறியது. வரிசையாக ராஜாக்கள். கடைசிப் பெட்டியின் பக்கத்தில் ஒரு ரஷ்யச் சிப்பாய் துப்பாக்கியோடு நின்றான். பெட்டியின் ஈய மூடியில் புது ராஜாவின் அரக்கு முத்திரை, இன்னும் சிவப்பு மாறாமல் இருந்தது.

மெல்கியோர் மண்டியிட்டான். ஈயத்தில் நெற்றியை வைத்தான். வாயைத் திறந்தான்.

"சம்மதமில்லை!" என்று கத்தினான். புண்ணான நாக்கு மறுபடி கிழிந்தது. "சம்மதமில்லை! சம்மதமில்லை! கேட்டீங்களா மகாராஜா? உங்களுக்காக நான் சொல்லிட்டேன். எம்மேல வாங்க. அவனை விட்டுடுங்க. அவன் சாப்பிடட்டும்!"

கல்சுவர்கள் அந்த வார்த்தையை வாங்கித் திருப்பிக் கொடுத்தன. பிறகு ஒன்றுமில்லை.

அவன் காத்திருந்தான். கழுத்தில் சூடு ஏறுமா என்று காத்திருந்தான். ஏறவில்லை.

அப்புறம், பெட்டிக்குள்ளிருந்து, நகத்தால் சுரண்டுகிற சத்தம்.

"அண்ணே?"

ஒனுஃப்ரி விளக்கோடு ஓரடி பின்வாங்கினார்.

"அண்ணே, நீயா? இருட்டா இருக்குண்ணே. மூச்சு முட்டுது." போனிஃபாசியின் குரல். சின்ன வயதில் கிணற்றுக்குள் விழுந்தபோது அவன் கூப்பிட்ட அதே குரல். "நான் இனிமே எதுக்கும் எதிர்த்துப் பேச மாட்டேன்னு அவங்க கிட்ட சொல்லு. யாரு ராஜாவானாலும் எனக்குச் சம்மதம். சம்மதம்ண்ணே. மூடியைத் திறக்கச் சொல்லு."

"திறங்க சாமி!" மெல்கியோர் முத்திரையை நகத்தால் பிறாண்டினான். "திறங்க! என் தம்பி உள்ள இருக்கான்!"

"அது ராஜமுத்திரை," என்றார் ஒனுஃப்ரி. அழுதுகொண்டே சொன்னார். "தூதர் அனுமதி இல்லாம நான்... என்னால முடியாதுப்பா."

சிப்பாய் வந்து மெல்கியோரின் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கினான். முரட்டு ஆள் இல்லை அவன். எங்கள் பாஷை அவனுக்குத் தெரியாது. பெட்டியைக் காட்டி, தன் மார்பில் சிலுவை போட்டுக் காட்டி, என்னவோ சொன்னான். ஒனுஃப்ரிக்கு அவன் பாஷை கொஞ்சம் தெரியும்.

"அடக்கம் ஆன நாள்லேருந்தே 'சம்மதம்'னு இந்த ஒரே வார்த்தைதான் கேக்குதாம்," என்றார். "செத்த ராஜா ஜெபம் பண்றார்னு நெனச்சானாம்."

மெல்கியோர் உதைத்தான், கடித்தான். படிமேல் இழுத்துக்கொண்டு போனார்கள். சத்திரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்த உடம்பு இன்று தாங்குமா, நாளை தாங்குமா என்று தெரியவில்லை. மேலே கதவு சாத்தினார்கள். தாழ்ப்பாள் விழுந்தது.

கனத்த கதவு அது. ஆனாலும் கேட்டது.

"சம்மதம்... சம்மதம்... அண்ணே, சம்மதம்..."