மலமானியின் தீர்ப்பு

செவ்வாயின் செம்மேடு குடியிருப்பில் காலை ஆறு மணிக்குச் சேவல் கூவாது, மலமானி பேசும். கைக்குழந்தை உள்ள எல்லா வீட்டிலும் சமையலறைச் சுவரில் ஒன்று பதித்திருந்தார்கள். குழந்தையின் அழுக்கு அணையாடையை அதன் வாயில் போட்டால், மலத்தில் என்ன வைரஸ், அதில் எத்தனையாவது திரிபு என்று அரை நிமிடத்தில் உரக்கச் சொல்லிவிடும். பக்கத்து வீட்டார் காபி குடித்துக்கொண்டே கேட்பார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை.

அன்று செந்தாமரை வீட்டு மலமானி குதூகலமாகச் சொன்னது: "ரோட்டா வைரஸ். நான்காம் திரிபு. மென்வகை. குழந்தை உற்சாகமாக விளையாடிக்கொண்டிருக்கிறது. வாழ்த்துகள்."

செந்தாமரை மடியில் கிடந்த மகளைப் பார்த்தாள். பதினோரு மாதக் குழந்தை இழையினி விளையாடவில்லை. முந்தின நாளிலிருந்து ஒன்பது தடவை வயிற்றால் போய், குடித்த பாலையெல்லாம் கக்கிவிட்டு, வதங்கிய கீரைத்தண்டு போலத் துவண்டு கிடந்தாள். கண்கள் குழி விழுந்திருந்தன. உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. அழுதாள், கண்ணீர் வரவில்லை.

செவ்வாயில் தண்ணீர் அளந்துதான் கிடைக்கும். தன் பங்கையும் மகளுக்கே புகட்டித் தீர்த்துவிட்டாள். இனி உப்புச் சர்க்கரைக் கரைசல் வேண்டுமென்றால் நலத்துறைதான் தர வேண்டும். நலத்துறையோ திரிபு அட்டவணையைப் பார்த்துத்தான் தரும். பன்னிரண்டாம் திரிபு வரை மென்வகை, ஒன்றும் கிடையாது. அதற்கு மேல் கொடுவகை, எல்லாம் உண்டு. அட்டவணையை உருவாக்கிய தலைவர் அம்பலவாணன் மகா கெட்டிக்காரர். நோயாளிக் குழந்தைகளைப் பார்த்தால் மனம் இளகிக் கணக்கு தப்பிவிடும் என்று, ஒரு குழந்தையைக்கூடப் பார்க்காமலே அதை முடித்திருந்தார்.

செந்தாமரை கூப்பிட்டதும் மருந்தன் வந்தது. மருந்தன் என்பது அங்கே வைத்தியம் பார்க்கும் எந்திரம்.

"பிள்ளைக்கு நாக்கு வறண்டு போச்சு. தொட்டுப் பாருங்க."

"தொட வேண்டியதில்லை. நான்காம் திரிபில் நாக்கு வறளாது."

"ஒம்போது தடவ போயிருக்கா."

"நான்காம் திரிபில் மூன்று தடவைதான். மீதி ஆறு தங்கள் எண்ணமாக இருக்கலாம்" என்று பணிவாகச் சொல்லி, குழந்தையின் மார்பில் ஒரு பாராட்டு அட்டையை வைத்துவிட்டுப் போனது.

பக்கத்து வீட்டு ஜெசிந்தாவின் பாடு வேறு மாதிரி. அவள் மகன் கிளமென்ட்டுக்கு ஒன்றரை வயது, பத்தொன்பதாம் திரிபு, கொடுவகையிலேயே படுமோசமானது. இரண்டு தடவை இளக்கமாகப் போனதோடு பையனுக்குச் சரியாகிவிட்டது. ஆனாலும் வேறொரு மருந்தன் அந்த வீட்டிலேயே பழியாகக் கிடந்தது. படுக்க வைக்க அது துரத்தியது. அவன் கரைசல் போத்தல்களை உருட்டித் தள்ளிவிட்டு அலமாரிமேல் ஏறினான். "கடும் தளர்ச்சியால் ஏறுகிறான்" என்று அது பதிவு செய்துகொண்டது.

மருந்தன் போன கொஞ்ச நேரத்தில் ஜெசிந்தா வாசலில் வந்து நின்றாள்.

"மதினி, ஒரு போத்தல சேலைக்குள்ள வச்சுக் கொண்டாரப் பாத்தேன். அந்த எந்திரம் புடுங்கிட்டு. மென்வகைக்குக் குடுக்கக் கூடாதாம்."

"நான் என்ன செய்யட்டும், சொல்லு. பிள்ளைக்குக் கண்ணு சொருகுது."

ஜெசிந்தா இழையினியின் வறண்ட உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"அதுக பிள்ளையவா பாக்குது? துணியத்தான பாக்குது. துணிய மாத்திப் போடுவோம்."

இழையினியின் அணையாடை ஜெசிந்தா வீட்டு மலமானிக்குள் போனது, கிளமென்ட்டின் அணையாடை செந்தாமரை வீட்டு மலமானிக்குள் போனது. "பத்தொன்பதாம் திரிபு. கொடுவகை. பதற்றம் வேண்டாம்" என்றது அது, பதற்றமாக. இரண்டு நிமிடத்தில் பழைய மருந்தனே பன்னிரண்டு போத்தல்களோடு ஓடி வந்தது.

"நாக்கு வறண்டிருக்கிறது. கண்கள் குழி விழுந்திருக்கின்றன. ஏன் முன்பே சொல்லவில்லை?"

செந்தாமரை பல்லைக் கடித்துக்கொண்டாள். மருந்தன் நரம்பில் ஊசி போட்டு நீர் ஏற்றியது, கரைசலைக் கரண்டி கரண்டியாகப் புகட்டியது. மதியத்துக்குள் இழையினி கண்ணீர் விட்டு அழுதாள். அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தாயும் அழுதாள். அடுத்த வீட்டில் கிளமென்ட்டுக்குப் பாராட்டு அட்டை கிடைத்தது. அவன் அதில் பாதியைத் தின்றுவிட்டான்.

ஒரு மாதம் கழித்து, ஒரு மதிய வேளையில் நலத்துறை விழா எடுத்தது. அட்டவணையின் துல்லியம் நூற்றுக்கு நூறு என்று அம்பலவாணன் அறிவித்தார். முதல் ஆண்டில் பாதிக்குப் பாதி பிசகியதாம். இப்போதோ மென்வகை வந்த ஒரு குழந்தைகூட வாடவில்லை, கொடுவகை வந்த ஒரு குழந்தைகூட ஓடியாடவில்லை. இனிக் குழந்தைகளைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, துணியைப் பார்த்தால் போதும் என்றார். செந்தாமரை சுற்றுமுற்றும் பார்த்தாள். தாய்மார்கள் எல்லாரும் தரையைப் பார்த்தபடி கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரே துணி மாற்றியிருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

அவள் எழுந்து நின்றாள். "ஐயா, உங்க அட்டவணை தப்பு. எம் பிள்ளைக்கு வந்தது நாலு. நான்தான் துணிய மாத்திப் போட்டேன்."

மேடையிலிருந்த மருந்தன் பதிவைப் புரட்டியது. "குழந்தை இழையினி. பத்தொன்பதாம் திரிபு. கடும் நோய். சிகிச்சைக்குப் பின் நலம். தாயின் கூற்று பதிவோடு பொருந்தவில்லை. தாய்க்கு ஓய்வு தேவை."

கூட்டம் சிரித்தது. துணி மாற்றியவர்களும் சேர்ந்துதான் சிரித்தார்கள். செந்தாமரை கூனிக்குறுகி உட்கார்ந்தாள்.

விழா முடிந்து வெளியே வந்தபோது யாரோ பின்னாலேயே வருவது தெரிந்தது. திரும்பினால் அம்பலவாணன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு உதவிம்மா. எம் பேத்திக்கு நேத்துலேருந்து வயித்தால போகுது. அழுதா கண்ணுல தண்ணி வரல."

"மலமானி என்ன சொல்லுது?"

"ரெண்டு."

"அட்டவணைய எழுதுனது நீங்கதான? ரெண்டுக்கும் மருந்து உண்டுன்னு ஒரு வரி மாத்திட்டாப் போதுமே."

"மாத்தலாம்மா. அது தப்புன்னு ஆதாரம் வேணும்லா. பதிவுல ஒரு தப்புகூட இல்லையே." அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கண் கலங்கி நின்றார்.

செந்தாமரைக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் கண்ணீர் வராத குழந்தை என்ன பாடுபடும் என்று அவளுக்குத் தெரியும். மூன்றாம் சந்தில் மிக்கேல் வீட்டுப் பையன் இருபத்தோராம் திரிபோடு பந்து விளையாடிக்கொண்டிருந்தான். போய் அவன் துணியைக் கேட்டு வாங்கி வந்தாள்.

அம்பலவாணன் இரண்டு கைகளாலும் பெற்றுக்கொண்டார். பிறகு, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று, விழாவில் தமக்குப் போர்த்திய பொன்னாடையைத் தோளிலிருந்து உருவி, அணையாடையை அதில் பத்திரமாகப் பொதிந்து, மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். வழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் ஒதுங்கி நின்று, நூற்றுக்கு நூறு வாங்கியவருக்கு வணக்கம் வைத்தார்கள்.